வெளியேறும் காற்றில் குளிர்காயும் வீடு

கேள்வி: ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே ஒரு வரிசை வீடு வாங்கலாம் என்று இருக்கிறோம். 130 சதுர மீட்டர், 1980களில் கட்டியது. சூட்டுக்கும் வெந்நீருக்கும் காற்றோட்டத்துக்கும் சேர்த்து ஒரே பெட்டிதான், கழிவுக்காற்று ஹீட் பம்ப். கரண்ட் செலவு குறைவு என்கிறார் வீட்டு ஏஜெண்ட். அதே தெருவில் இருக்கும் நண்பரோ ஜனவரி பில் கண்ணைக் கட்டுகிறது என்கிறார். யாரை நம்புவது? வாங்கினால் எதைக் கவனிக்க வேண்டும்?

இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ஒரே சுவரின் இருபுறமும் ஒரே மாதிரி இயந்திரம் வைத்திருக்கும் இரண்டு வீடுகளில் பில் வெவ்வேறாக வருவது இங்கே சகஜம். விளம்பரங்களில் ஃப்ரோன்லுஃப்ட்ஸ்வேர்மெபும்ப் என்று போட்டிருக்கும் இந்தப் பெட்டி நல்ல கருவி. ஆனால் அதனிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதற்கு ஓர் அளவு உண்டு. அந்த அளவு புரிந்துவிட்டால் மற்ற கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு ஸ்வீடன் கட்டட விதிகளை இறுக்கியது. சுவருக்குள் கனத்த வெப்பக்காப்பு, ஜன்னலுக்கு மூன்றடுக்குக் கண்ணாடி, சந்துபொந்துகளுக்கெல்லாம் அடைப்பு என்று வீடுகள் மாறின. பழைய வீடுகளில் இடுக்குகள் வழியே தானாக நடந்துகொண்டிருந்த காற்றோட்டம் அதோடு நின்றது. விசிறி வைத்து உள்காற்றை இழுத்து வெளியே விடவேண்டியதாயிற்று. அப்படி விடும் காற்றோடு, காசு கொடுத்து உண்டாக்கிய சூடும் கூரை வழியே போனது. அந்தச் சூட்டைப் போகும் வழியில் மடக்கிப் பிடிக்கும் பெட்டி 1980களில் தனி வீடுகளிலும் வரிசை வீடுகளிலும் பரவியது. ஸ்மோலாந்தின் மார்கரீட் ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட நீபெ நிறுவனத்தின் பெட்டிகளைத்தான் பல வீடுகளில் பார்ப்பீர்கள். வேறு தயாரிப்புகளும் உண்டு. வேலை செய்யும் முறை ஒன்றுதான்.

குளியலறை, துணி துவைக்கும் அறை, சமையலறை இவற்றின் கூரையில் வட்டமான வெள்ளை மூடிகள் இருக்கும். ஈரமும் வாடையும் கலந்த காற்று அவற்றின் வழியே குழாய்க்குள் போய்ப் பெட்டியை அடைகிறது. ஃபிரிட்ஜ் தன் உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துப் பின்பக்கம் விடுவதுபோல, இந்தப் பெட்டி வெளியேறும் காற்றின் சூட்டை எடுத்து ரேடியேட்டர் தண்ணீரிலும் குளிக்கிற வெந்நீரிலும் சேர்க்கிறது. சூட்டை இழந்த காற்று கூரைக்கு மேலே போய்விடும். வெளியே போன அளவுக்குப் புதிய காற்று, படுக்கையறைகளிலும் கூடத்திலும் ஜன்னலுக்கு மேலோ சுவரிலோ உள்ள சிறு துவாரங்கள் வழியே உள்ளே வரும்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஸ்வீடனில் ஒரு சதுர மீட்டர் தரைப்பரப்புக்கு நொடிக்கு 0.35 லிட்டர் என்ற வீதத்தில் காற்று மாற வேண்டும். உங்கள் 130 சதுர மீட்டர் வீட்டுக்கு நொடிக்குச் சுமார் 45 லிட்டர். ஒரு லிட்டர் காற்று ஒரு டிகிரி ஆறினால் கிடைக்கும் வெப்பம் ஏறத்தாழ 1.2 ஜூல். பழைய இயந்திரங்கள் 21 டிகிரிக் காற்றைச் சுமார் 5 டிகிரிவரை ஆறவைக்கும். அப்படியானால் காற்றிலிருந்து வருவது 900 வாட்டுக்கும் சற்றுக் குறைவு. தேவைக்கேற்ப வேகம் மாறும் கம்ப்ரஸர் உள்ள புதிய இயந்திரங்கள் அதே காற்றை மைனஸ் 15 டிகிரி வாக்கில்வரை ஆறவைக்கும். அப்போது கிட்டத்தட்ட 2 கிலோவாட். கம்ப்ரஸர் குடிக்கும் மின்சாரமும் சூடாகத்தான் தண்ணீரில் சேரும். அதையும் கூட்டினால் பழையதில் ஏறத்தாழ ஒன்றேகால் கிலோவாட், புதியதில் 3 கிலோவாட் அளவு. காற்றில் உள்ள நீராவி தண்ணீராக மாறும்போது இன்னும் கொஞ்சம் கிடைக்கும். ரசம் கொதித்த ஆவியும் குளித்த ஆவியும் வீண்போவதில்லை என்பது இந்தப் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

வெளியே மைனஸ் 15 ஆக இருக்கும் இரவில், நல்ல வெப்பக்காப்பு உள்ள இந்த அளவு வீட்டுக்கே 6 கிலோவாட் தேவைப்படலாம். மீதி எங்கிருந்து வரும்? பெட்டிக்குள் இருக்கும் சாதாரண ஹீட்டர் காயிலிலிருந்து. எல்பட்ரூன் என்று இங்கே சொல்வது இதைத்தான். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் சூடு, அவ்வளவுதான். மிதமான மாதங்களில் காயில் விழிக்கவே விழிக்காது. ஏஜெண்ட் பேசுவது அந்த மாதங்களைப் பற்றி. ஜனவரியில் காயில் இரவு பகலாக ஓடும். நண்பர் காட்டுவது அந்தப் பில்லை. சில மின்விநியோக நிறுவனங்கள் மாதத்தின் உச்ச மணிநேரப் பயன்பாட்டையும் பார்த்துக் கட்டணம் போடுகின்றன. அந்த இடங்களில் காயிலும் அடுப்பும் வாஷிங் மெஷினும் ஒரே மணிநேரத்தில் ஓடினால் பில் இரட்டிப்பு அடியாக விழும்.

இந்த இடத்தில்தான் பலர் ஒரு யோசனைக்கு வருகிறார்கள். காற்றிலிருந்துதானே சூடு எடுக்கிறது, விசிறியை வேகமாக ஓடவிட்டால் சூடு அதிகம் வருமே என்று. யோசனை சொல்வதற்கு நன்றாக இருக்கும். பில்லில் வேறு மாதிரி தெரியும். மைனஸ் 15 இரவில் நொடிக்கு ஒரு லிட்டர் காற்றைக் கூடுதலாக வெளியேற்றினால், அதற்குப் பதில் ஒரு லிட்டர் பனிக்காற்று உள்ளே வரும். அதை 21 டிகிரிக்குக் கொண்டுவர 43 வாட் வேண்டும். புதிய இயந்திரம் அந்த ஒரு லிட்டரை மைனஸ் 15 வரை ஆறவைத்து எடுப்பதும் அதே 43 வாட்தான். வரவும் செலவும் நேருக்கு நேர் கழிந்துவிடும். கம்ப்ரஸர் மின்சாரம் மட்டும் கணக்கில் நிற்கும். பழைய இயந்திரமாக இருந்தால் எடுப்பது 19 வாட், இழப்பது 43. நேரடி நஷ்டம். வெளியே 5 டிகிரி இருக்கும் நாளில் புதிய இயந்திரத்தின் விசிறியைக் கூட்டினால் லாபம் உண்டு, ஆனால் அன்றைக்கு உங்களுக்குக் கூடுதல் சூடே தேவையில்லை. போதாக்குறைக்கு அதிகக் காற்று வீட்டை வறட்டிவிடும். உதடும் தோலும் வெடிக்கும். ஆகவே காற்றின் அளவை மனிதர்களின் மூச்சுக்கும் வீட்டின் ஈரத்துக்கும் ஏற்றபடி வைத்துவிட்டு அதைத் தொடாமல் இருங்கள். குறைப்பதும் தவறு. குறைத்தால் இயந்திரத்துக்குத் தீனி குறையும், குளியலறையில் பூஞ்சணம் பிடிக்கும்.

நம்மவர் வீடுகளில் நான் அதிகம் பார்க்கும் தவறு வேறொன்று. முதல் குளிர்காலத்திலேயே ஜன்னல் மேலுள்ள துவாரங்களைத் துணியாலோ டேப்பாலோ அடைத்துவிடுகிறார்கள். குழந்தையின் தலைமாட்டில் சில்லென்று காற்று இறங்கினால் எந்தத் தாய்க்கும் கை அங்கேதான் போகும். அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் விசிறி இழுப்பதை நிறுத்தாது. நேர்வழியை அடைத்தால் குறுக்குவழியில் காற்று வரும்: வாசற்கதவின் இடுக்கு, மின்பெட்டியின் ஓட்டை, தரைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள விரிசல். வடிகட்டியும் இல்லாத, எங்கிருந்து வருகிறது என்றும் தெரியாத காற்று. அடித்தளத்தில் விரிசல் இருந்தால் மண்ணிலிருந்து ராடான் வாயுவையும் சேர்த்து இழுக்கும். ஸ்வீடனின் நிலத்தில் ராடான் பல இடங்களில் உண்டு. வீட்டுக்குள் ஒரு கன மீட்டர் காற்றில் 200 பெக்கரலைத் தாண்டக் கூடாது என்பது இங்குள்ள வரம்பு. நுரையீரல் புற்றுநோயோடு தொடர்புள்ள வாயு இது. கூதல் காற்றுக்குப் பயந்து இதை வரவழைக்க வேண்டாம்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது ஒரு டிஷ்யூ தாளைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஜன்னல், கதவு எல்லாம் சாத்தியிருக்கட்டும். குளியலறை மூடியில் தாளை வைத்தால் அது ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். படுக்கையறைத் துவாரத்தின் முன் பிடித்தால் அறைக்குள் பக்கம் சாய வேண்டும். சாயவில்லை என்றால் அந்தத் துவாரம் அடைபட்டிருக்கிறது அல்லது அதன் பஞ்சு வடிகட்டி கறுத்து இறுகியிருக்கிறது. வாசற்கதவைத் திறக்கும்போது யாரோ உள்ளிருந்து பிடித்து இழுப்பதுபோல் கனத்து, விலகும் நொடியில் விசில் அடித்தால், வீடு மூச்சுக்குத் திணறுகிறது என்று அர்த்தம். குளியலறைக் கதவின் அடியில் விரலளவு இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள். படுக்கையறையில் நுழைந்த காற்று அந்த வழியாகத்தான் குளியலறைக்குப் போக வேண்டும். அங்கே தடித்த மிதியடி போட்டால் அறையின் காற்று நகராது.

கூதல் உண்மையிலேயே தொல்லையாக இருந்தால் துவாரத்தை மாற்றுங்கள், மூடாதீர்கள். வரும் காற்றைக் கூரையோடு பரப்பி விடும் மாதிரிகள் கிடைக்கின்றன. குளிர் கூடும்போது தானே சற்றுச் சுருங்கிக்கொள்ளும் மாதிரிகளும், ரேடியேட்டருக்குப் பின்னால் காற்றை விட்டுச் சூடாக்கி அனுப்பும் மாதிரிகளும் உண்டு. துவாரத்துக்குக் கீழே உள்ள ரேடியேட்டரைத் திறந்தே வையுங்கள். அதன் முன்னால் சோபாவை நெருக்கிப் போடாதீர்கள். கட்டிலை இரண்டடி தள்ளிப் போட்டாலே பல வீடுகளில் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது.

அடுத்தது அடுப்பங்கரை. நாம் தாளிக்கிறோம், பொரிக்கிறோம். எண்ணெய் ஆவி மற்ற வீடுகளைவிட நம் வீட்டில் அதிகம். அடுப்புக்கு மேலே இருக்கும் சிம்னியின் காற்று ஹீட் பம்புக்குள் போகக் கூடாது. அது தனிக் குழாயில் நேரே வெளியே போக வேண்டும், அல்லது கரி வடிகட்டி வழியாக அறைக்கே திரும்ப வேண்டும். முந்தைய உரிமையாளர் சமையலறையைப் புதுப்பித்தபோது சிம்னிக் குழாயைக் கைக்கெட்டிய குழாயில் சொருகிவிட்டாரா என்று கட்டாயம் விசாரியுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு உள்ளே இருக்கும் மெல்லிய அலுமினியத் தகடுகளில் படிந்து, அதன்மேல் தூசி ஒட்டிவிட்டால், காற்றும் போகாது, சூடும் ஏறாது. வடை சுடும் நாளில் சிம்னியை முதலிலேயே போட்டுவிட்டுப் பக்கத்து ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். சிம்னி வேகமாக இழுக்கும்போது அதற்கும் எங்கிருந்தாவது காற்று வர வேண்டும். கூடத்தில் விறகு எரிக்கும் கணப்பு இருந்தால் அதற்கு வெளியிலிருந்து தனிக் காற்றுக்குழாய் இருப்பது அவசியம். இல்லையென்றால் புகை மேலே போகாமல் கூடத்துக்குள் திரும்பிவிடும்.

சமையலறைக் கூரையில் உள்ள வட்ட மூடியில் மஞ்சள் பிசுக்கு சீக்கிரம் படியும். மூடியைக் கழற்றி, வெந்நீரும் பாத்திரம் கழுவும் திரவமும் போட்டுக் கழுவுங்கள். ஒன்றே ஒன்றில் கவனம் வேண்டும்: நடுவில் இருக்கும் தட்டு திருகாணியில் சுழலும், அது எவ்வளவு திறந்திருக்கிறது என்பதுதான் அந்த அறையிலிருந்து எவ்வளவு காற்று போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. தொழில்காரர் கருவி வைத்து அளந்து நிறுத்திய இடம் அது. கழுவும் வேகத்தில் அது சுழன்றுவிட்டால் வீடு முழுவதும் காற்றுக் கணக்கு மாறிப்போகும். ஒவ்வொன்றாகக் கழற்றி, கழுவி, எடுத்த இடத்திலேயே மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மூடிகளை இடம் மாற்றி மாட்டிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

பெட்டியின் வடிகட்டியை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நம் சமையலுக்கு மாதம் ஒருமுறை பார்த்தாலும் மிகையில்லை. காற்று ஆறும்போது அதிலுள்ள ஈரம் சொட்டுச் சொட்டாக வடியும். அந்தத் தண்ணீர் போகும் குழாய் அடைபடக் கூடாது. பெட்டியின் அடியில் ஈரம் தெரிந்தால் முதலில் அதைப் பாருங்கள். துணி உலர்த்தும் இயந்திரத்தின் புகைபோக்கியை எக்காரணம் கொண்டும் இந்தக் குழாய்களில் இணைக்காதீர்கள். பஞ்சுத் துகள் எல்லாவற்றையும் அடைத்துவிடும்.

அமைப்புகளில் முக்கியமானது வேர்மெகூர்வா என்ற கோடு. வெளியே எவ்வளவு குளிர் என்பதைப் பார்த்து, ரேடியேட்டருக்கு எவ்வளவு சூடான தண்ணீர் அனுப்புவது என்று பெட்டி முடிவு செய்வது அதை வைத்துத்தான். இந்தக் கோடு தேவைக்கு மேல் உயரமாக இருந்தால் தண்ணீர் அதிகம் சூடாகும். ஹீட் பம்பின் திறன் குறையும். காயில் துணைக்கு வரும். ரேடியேட்டர் தெர்மோஸ்டாட்களை நன்றாகத் திறந்து வைத்துவிட்டுக் கோட்டை ஒரு படி இறக்குங்கள். ஓரிரு நாள் பொறுங்கள், ஏனென்றால் வீடு மெதுவாகத்தான் பதில் சொல்லும். குளிரவில்லை என்றால் இன்னொரு படி. குளிர்ந்தால் திரும்ப ஒரு படி மேலே. காலையில் இறக்கி மாலையில் ஏற்றி விளையாட வேண்டாம். அவசரமாகச் சூடு கேட்கும் ஒவ்வொரு முறையும் அதைக் கொடுப்பது காயில்தான்.

காயிலின் உச்ச அளவையும் மெனுவில் குறைத்து வைக்கலாம். தேவைக்கு மேல் உயர்த்தி வைத்திருந்தால், சிறு குறைக்கும் பெரிய அளவில் பாயும். கம்ப்ரஸர் எத்தனை மணி நேரம் ஓடியது, தில்ஸாட்ஸ் என்ற கூடுதல் சூடு எவ்வளவு ஓடியது என்று மெனுவில் பல மாதிரிகள் காட்டும். மாதம் ஒருமுறை இரண்டையும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். அக்டோபரிலேயே இரண்டாவது எண் ஏறத் தொடங்கினால் எங்கோ கோளாறு.

வெந்நீர்த் தொட்டி பெரும்பாலும் 180 லிட்டர் அளவில்தான் இருக்கும். தொட்டியைச் சூடாக்கும் நேரத்தில் வீட்டுக்குச் சூடு போகாது என்பதை நினைவில் வையுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் சனிக்கிழமைகளில் நான்கு பேரும் அடுத்தடுத்துக் குளித்தால் தொட்டி காலியாகும், வீடும் ஆறும், காயில் ஓடும். இடைவெளி விட்டுக் குளியுங்கள்; தண்ணீரைச் சிக்கனமாகப் பீய்ச்சும் ஷவர் தலை வாங்குங்கள். லக்ஸ் என்ற கூடுதல் வெந்நீர் அமைப்பை விருந்தாளிகள் வரும்போது மட்டும் போட்டு எடுங்கள். தொட்டியின் சூட்டை அளவுக்கு மீறிக் குறைப்பதும் கூடாது. குழாயில் வரும் வெந்நீர் 50 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது இங்கே விதி. லெஜியோனெல்லா கிருமிக்கு வெதுவெதுப்பான தண்ணீர்தான் வசதி.

டிசம்பர் விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் மின்சாரம் மிச்சம் என்று பெட்டியை அணைத்துவிட்டுப் போகக் கூடாது. அணைத்தால் காற்றோட்டமும் நின்றுவிடும், குழாய்களும் உறையும். வீட்டின் சூட்டைச் சில டிகிரி இறக்குங்கள். ஆளில்லாத வீட்டில் காற்றின் அளவைச் சதுர மீட்டருக்கு நொடிக்கு 0.10 லிட்டர்வரை இறக்க விதி இடம் கொடுக்கிறது. பெட்டியில் விடுமுறை அமைப்பு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

இனி, வாங்கலாமா என்ற கேள்வி. பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் தயாரிப்பு ஆண்டைப் பாருங்கள். இவை பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் உழைக்கும். அந்த வயதை நெருங்கியிருந்தால் மாற்றும் செலவைப் பேரத்தில் சேர்த்துவிடுங்கள். வேலைக்கூலியில் ரூட் (ROT) என்ற வரிக்கழிவு கிடைக்கும். மாற்றும்போது அதே வகையில் வேகம் மாறும் கம்ப்ரஸர் உள்ளதை எடுப்பதுதான் உங்கள் வரிசை வீட்டுக்குப் பொருத்தம் என்பது என் கருத்து. குழாய்கள் ஏற்கெனவே இருக்கின்றன, இடமும் இருக்கிறது. பாறையில் துளையிட்டுச் சூடு எடுக்கும் முறை திறனில் மேலானதுதான். ஆனால் பக்கத்து வீட்டுத் துளையிலிருந்து 20 மீட்டர் தள்ளியிருக்கப் பரிந்துரைக்கிறார்கள். வரிசை வீட்டின் சிறு மனையில் அதற்கு இடம் கிடைப்பது அரிது. நகராட்சிக்கும் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். உள்ளே வரும் காற்றையும் வெளியே போகும் காற்றையும் எதிரெதிரே ஓடவிட்டுச் சூட்டை மாற்றும் முறையில் கூதல் காற்றுத் தொல்லை இல்லை. ஆனால் அதற்கு ஒவ்வொரு படுக்கையறைக்கும் புதுக் குழாய் இழுக்க வேண்டும், சூட்டுக்கும் வெந்நீருக்கும் வேறு ஏற்பாடு தேட வேண்டும். இயந்திரக் காற்றோட்டமே இல்லாத, இயற்கை இழுப்பில் காற்று போகும் பழைய வீட்டில் யாராவது இந்தப் பெட்டியை வைக்கச் சொன்னால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

விற்பவரிடம் கடந்த மூன்று வருடங்களின் மின்சாரப் பயன்பாட்டைக் கிலோவாட் மணியில், மாதவாரியாகக் கேளுங்கள். குரோனரில் சொன்னால் ஏற்காதீர்கள். விலை ஆண்டுக்கு ஆண்டு மாறும், பகுதிக்குப் பகுதியும் மாறும். எரிசக்திச் சான்றிதழையும், காற்றின் அளவை அறைவாரியாக அளந்த தாளையும் கேட்டு வாங்குங்கள். அந்தத் தாள் இல்லை என்றால் குடியேறிய முதல் மாதத்தில் ஒரு காற்றோட்டத் தொழில்காரரை வைத்து அளந்து சரிசெய்யுங்கள். ராடான் அளவீடு இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் அளவுப் பெட்டிகளை ஆய்வகத்திலிருந்து தபாலில் வரவழைக்கலாம். அக்டோபர் முதல் தேதிக்கும் ஏப்ரல் கடைசிக்கும் இடையே குறைந்தது இரண்டு மாதம் அவற்றை வீட்டில் வைத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் துவாரங்கள் எல்லாம் வழக்கம்போல் திறந்தே இருக்கட்டும்.